மான்களுக்கு வெட்டிய குட்டை

கிணறு வெட்டும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், குழிக்குள் நின்றபடியே ஒரு பிடி சேற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் உடனே உதறிவிட்டேன். சேறு சூடாக இருந்தது. கையைச் சுடும் சூடு அல்ல. யாரோ சற்று முன்தான் எழுந்து போன பாயில் கை வைத்தால் ஒரு சூடு தெரியுமே, அந்த அளவு. மேலே ஆடி மாதத்து வெயில் எரித்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சேறு வெயில் ஒருநாளும் படாத ஆழத்திலிருந்து வந்தது. நடந்ததை நடந்தபடி அன்றன்றே எழுதிவைப்பது அப்போதே எனக்குப் பழக்கம். அன்று "சேறு சூடு" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எழுத வரவில்லை.

அந்தக் காணி மாமியின் சீதனம். திருகோணமலையிலிருந்து கன்னியாவுக்குப் போகும் வழியில், பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த காட்டோடு ஒட்டிக் கிடந்தது. முன்னால் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட சிறிய வீடு, பின்னால் காடு. நடுவில் வேலி இல்லை. எனக்குப் பட்டணத்துத் தபாற் கந்தோரில் வேலை கிடைத்தபோது மாமியோடு வந்து தங்கினேன். மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. துறைமுகத்தில் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகை ஓட்டினார். பெரிய சூறாவளி வந்த அன்று, படகுகளை இறுக்கிக் கட்டிவிட்டு வருகிறேன் என்று இறங்குதுறைக்குப் போனவர் திரும்பவில்லை. லோஞ்சும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. மாமி பொட்டும் தாலியுமாகவே இருந்தார். பிள்ளைகள் இல்லை. மாமாவைப் பற்றிப் பேசும்போது "போயிருக்கிறார்" என்பார். எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

அதே சூறாவளி வீட்டின் பின்புறம் நின்ற ஒரு முதிய பாலையை வேரோடு சாய்த்திருந்தது. வேர் பெயர்ந்த இடத்தில் ஒரு பள்ளம். மாரியில் அதில் தண்ணீர் தேங்கியது. முதலில் மந்திகள் வந்தன. பிறகு உடும்பு, மயில், பன்றி. கடைசியாக மான்கள் வந்தன. வேலை முடிந்து வந்தால் நானும் மாமியும் குசினி யன்னலில் நின்று பார்ப்போம். மாமி எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் போலத் தலையைச் சாய்த்து நிற்பார். வைகாசி பிறந்ததும் பள்ளம் வற்றியது. ஒரு மாலை இரண்டு பிணைமான்கள் வந்து காய்ந்த சேற்றை நக்கிவிட்டுப் போனதைக் கண்டோம். மறுநாள் காலை மாமி குட்டை வெட்ட ஆள் பிடிக்கப் புறப்பட்டார்.

குடாவுக்கு அந்தப் பக்கத்து ஊரான கிண்ணியாவிலிருந்து வந்த காக்கா கிணறு வெட்டுவதில் பழக்கமானவர். வேலையைவிடக் கதை அதிகம். "மனிசருக்குக் கிணறு வெட்டியிரிக்கன், மாட்டுக்கு வெட்டியிரிக்கன். மானுக்கு இதுதான் முதல் தடவ. கூலிய மானா தரும்?" என்று கேட்டார்.

"மான் தராது, நான் தாறன். கரையைச் சரிவா வெட்டுங்கோ. குட்டிகள் விழுந்தா ஏறவேணும்" என்றார் மாமி.

ஆள் உயரத்துக்கு மேல் வெட்டியபிறகுதான் அந்தச் சேறு வந்தது. சேற்றுக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தது. காக்கா காலைத் தூக்கிக்கொண்டு கரையில் ஏறி உட்கார்ந்தார். "நான் வெட்டினது குட்டையா குசினியா, தங்கச்சி? இனித் தேத்தண்ணிக்கு விறகு வேணாம் போல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு அவர் குழிக்குள் இறங்கவில்லை. கூலியை வாங்கும்போது குரலைத் தாழ்த்தி, "உள்ள நிண்டா பின்னால ஆரோ மூச்சு விடுற மாதிரி இரிக்கி" என்றார்.

வெந்நீர் ஊறுவது எங்கள் பகுதிக்குப் புதினம் அல்ல. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீரை எங்கள் சனம் இறந்தவர்களோடு சேர்த்தே நினைக்கிறது. சாவு நடந்து ஒரு மாதமானதும் அந்தியேட்டிச் சடங்கு செய்து முழுகுவது அங்கேதான். ஆகவே மாமியின் காணியில் சுடுதண்ணீர் கண்டது என்ற கதை பரவியபோது, அது எதற்காக வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெரிய மாமா, காணாமற்போனவரின் மூத்த அண்ணன், அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். கதிரையில் உட்காராமல் நேரே குட்டைக்குப் போய்க் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது.

"தண்ணியே வந்து கேக்குது, பிள்ளை. இன்னும் எத்தினை காலத்துக்கு அவனைத் தெருவில விடப்போறாய்?"

"அவர் தெருவில நிக்கிறார் எண்டு ஆர் சொன்னது, அண்ணை?"

"கனவில வாறான். உடுப்பெல்லாம் நனைஞ்சு, வாசலில நிக்கிறான். உள்ள வா எண்டா வாறானில்லை."

மாமி கதிரையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "நாளைக்கு அவர் வந்து நிண்டா நான் என்ன சொல்லுறது? உங்களுக்கு எல்லாம் செய்து முடிச்சிட்டன், திரும்பிப் போங்கோ எண்டோ?" என்றார்.

பெரிய மாமா கெட்டவர் அல்ல. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதை எரித்து, சாம்பலைக் கரைப்பது வழக்கம். அதைச் செய்யாதவரை தம்பி கரை சேரமாட்டான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். செய்துவிட்டால் மாமியின் பொட்டும் தாலியும் போகும். அவர் காத்திருப்பதற்கு எதுவும் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் குட்டை கிடந்தது.

மான்கள் குடிக்கவில்லை. அதுதான் மாமியை வாட்டியது. விடியற்காலையில் தண்ணீர்மேல் மெல்லிய ஆவி எழும். அதைச் சுற்றி விலங்குகள் வந்து நின்று போன அடையாளம் இருக்கும். குளம்படிகள் எல்லாப் பக்கமிருந்தும் வந்து, கரைக்கு ஒரு முழம் இப்பால், கோடு போட்டதுபோல நின்றுவிடும். தாகத்தோடு வந்தவை இறங்காமல் திரும்பியிருந்தன. நான் குனிந்து அந்த அடிகளைப் பார்த்துக்கொண்டு அதிகநேரம் நிற்பதில்லை. முதுகு கூசும்.

"சுடுதண்ணி எண்டா ஆறவைக்கிறது. இதில பயப்பிட என்ன கிடக்கு?" என்று சொல்லி, மாமி பொழுதுபடும் நேரத்தில் வாளியால் அள்ளி, உடைந்த சிமெந்துத் தொட்டியில் ஊற்றி வைக்கத் தொடங்கினார். காலையில் தொட்டி வெறுமையாக இருக்கும். அதைக் கண்ட நாட்களில் மாமி என்னோடு கலகலப்பாகப் பேசுவார்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். முதலில் கப்பல்துறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, துணியால் வாய் கட்டிய சாம்பல் மண்முட்டியோடு. கன்னியாவில் சனக்கூட்டம் அதிகம், இது புதுத் தண்ணீர் என்றார்கள். மாமி மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். ஆனால் நான் கந்தோரிலும் மாமி சந்தையிலும் இருந்த வேளைகளில் யார் யாரோ வந்துபோயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது கரையில் எள்ளும், வாழையிலையில் சோற்று உருண்டைகளும், வாடிய பூக்களும் கிடக்கும். அப்படி வந்தவர்களை நாங்கள் கண்டதேயில்லை. சோற்றைக் காகங்கள் தொடவுமில்லை. அந்தக் குட்டைக்கு மேலால் காகம் பறந்ததையே நான் காணவில்லை. மாமி ஈர்க்குமாறால் எல்லாவற்றையும் கூட்டி அள்ளுவார். ஒருநாள் கூட்டுவதை நிறுத்திவிட்டு, "இவ்வளவு சனத்தின்ர செத்தவையும் இஞ்ச வருகினம். அவர் ஒராள்தான் வரேல்ல" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

புரட்டாதியில் ஒரு விடிகாலை, குசினிக் கதவு திறந்து கிடந்தது. மாமி குட்டைக் கரையில் நின்றார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. அந்தப் பக்கத்தில், ஆவிக்குள், யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லையாம். நான் எதிர்க்கரையைப் பார்த்தேன். சாய்ந்த பாலையின் வேர்க்கட்டை நின்றது. அதன் உயரம் ஒரு மனிதனின் உயரம்தான். "கட்டையாத்தான் இருக்கும், மாமி" என்றேன். "ஓம், கட்டைதான்" என்றார். ஆனால் அந்தக் கட்டை சூறாவளி நாளிலிருந்தே அங்கேயே நின்றது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாமி இப்போது இல்லை. காணி என் பொறுப்பில் இருக்கிறது. மாரியில் தண்ணீர் குளிர்ந்துவிடும். கோடையில் சூடு மெல்ல ஏறும். மண்ணுக்கடியில் கன்னியாவின் ஊற்றுக்கண் நீண்டிருக்கலாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் விளக்கினார். சரியாகத்தான் இருக்க வேண்டும். பழகிவிட்டதாலோ என்னவோ, மான்கள் இப்போது எல்லாக் காலத்திலும் இறங்கிக் குடிக்கின்றன. ஆனால் அந்த முதல் ஆண்டில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

மாமியின் சம்மதம் இல்லாமலே பெரிய மாமா நாள் குறித்தார். "நீ நிக்கத் தேவையில்லை. என்ர தம்பிக்கு நான் செய்யிறன்" என்றார். "என்ர காணிக்குள்ள ஏலாது" என்றார் மாமி. ஐப்பசியில் மழை தொடங்கி விடாமல் பெய்தது. குறித்த நாளன்று மட்டும் வானம் வெளித்தது. பெரிய மாமா ஐயரைக் கூட்டிக்கொண்டு, தர்ப்பைக் கட்டும் எள்ளும் சட்டிபானையுமாக வந்து சேர்ந்தார். மாமி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரிய மாமா குட்டைக்குள் கையை வைத்தார். வைத்த கையை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார்.

"ஆறிப்போச்சு" என்றார். ஏமாந்துபோன பிள்ளையின் குரலில் எங்களிடம் சொன்னார். "பச்சைத்தண்ணி. வெறும் மழைத்தண்ணி."

ஐயர் வானத்தைப் பார்த்தார். "அப்ப கன்னியாவுக்கே போவம். இல்லாட்டி வேற நாள் பாப்பம். இதில செய்து என்ன?"

சாமான்களைத் திரும்பக் கட்டத் தொடங்கியபோது குசினிக் கதவு திறந்தது. மாமி நடந்து வந்து, கரையில் குந்தி, கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டுப் பார்த்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"இஞ்சயே செய்யுங்கோ, அண்ணை" என்றார்.

"இதில இப்ப ஒண்டுமில்லையே, பிள்ளை."

"ஓம். சூடாக் கிடக்கேக்க ஆரோ எனக்கு உத்தரவு போடுற மாதிரிக் கிடந்தது. ஊரும் தண்ணியும் சேர்ந்து அவரைச் சாக்காட்டப் பாத்த மாதிரி. இப்ப ஒருத்தரும் சொல்லேல்ல. நான் சொல்லுறன்."

பெரிய மாமா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். ஐயர் தர்ப்பைக் கட்டை அவிழ்த்தார்.

புல் உருவம் முழங்கை நீளம்தான் இருந்தது. கை, கால், தலை என்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஈரமண்ணில் பலகை வைத்து அதைக் கிடத்தினார்கள். அந்த நேரத்தில் பெண்கள் நிற்பதில்லை. மாமி நின்றார், அதனால் நானும் நின்றேன். காற்று இல்லை. காட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மழை ஓய்ந்த காட்டில் இலைகளாவது சொட்டும், அதுவும் இல்லை.

ஐயர், போனவரின் பெயரைக் கேட்டார். பெரிய மாமா வாய் திறப்பதற்குள் மாமி சொன்னார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. மாமி அதுவரை "அவர்" என்பார், "இவர்" என்பார். கூப்பிட "இஞ்சேருங்கோ" போதுமாயிருந்தது. அன்று, தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும், கந்தோரில் பதிவுக்குச் சொல்வதுபோல ஒவ்வோர் எழுத்தாக, உரத்த குரலில் சொன்னார்.

எதிர்க்கரைப் பற்றைக்குள் ஏதோ பெரியது ஒன்று திடுக்கிட்டு எழுந்து ஓடியது. கிளைகள் முறியும் சத்தம் காட்டுக்குள் தூரம்வரை போயிற்று. நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். "மரைமானாயிருக்கும்" என்றார் ஐயர். மாமி திரும்பவில்லை. அவருடைய கண்கள் புல் உருவத்திலேயே இருந்தன.

ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்து, முறைப்படி இரண்டாம் தடவை பெயரைக் கேட்டார். மாமியே சொன்னார்.