இசைவாணியின் பயலுவ

"தின்னுட்டு எடுத்து வச்சியா, இல்ல தின்னது போதும்னு இருந்துட்டியா?" மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி இசைவாணி கேட்கிறார். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கேள்வி, ஸ்லைடில் சாயம் ஏறிக் கிடக்கும் பாக்டீரியாக்களுக்கு.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே உழவர் குழு ஒன்று நடத்தும் உயிர் உரக் கூடத்தில் அவர்தான் எல்லாம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குத் தழைச்சத்தாக்கித் தரும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவை, நாற்றின் வேரை நனைத்து நடுவதற்காகத் தொட்டியில் வளர்த்து, கரித்தூளில் கலந்து பாக்கெட் போடுகிறார். அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர்கள். மகள் நுண்ணுயிரியல் படித்தவர். செருப்போடு உள்ளே வந்தால் குழுத் தலைவரையும் விரட்டுவார். டீயை ஆறட்டும் என்று வைப்பார், ஆறியதும் மறந்துவிடுவார்.

பாக்டீரியாக்கள் அவருக்குப் 'பயலுவ'. "எல்லாத்தையும் வாரிக் குடுத்தா பயலுவ பெருகிக்கிட்டே இருப்பானுவ. தீனிய நெறய வச்சு, தழைச்சத்த மட்டும் கொறைக்கணும். பெருக வழி இல்லாம, தின்னத உள்ளாரயே கொழுப்பா உருட்டி வச்சுக்குவான். அப்புறம் பாக்கெட்டுக்குள்ள பட்டினி கெடக்கறப்ப, அதத்தான் தின்னு உசுரோட இருப்பான்." அந்தச் சேமிப்பு, சாயத்தில் சிவந்த உடலுக்குள் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி இல்லாத பாக்கெட் சில நாளில் வெறும் கரித்தூள்தான்.

தழைச்சத்துக்கென்று யூரியாவை அள்ளி வீசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பயிர் லேசாக வெளுத்தால் போதும், மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். பாக்கெட் வாங்க வருகிறவர்களை நிற்கவைத்தே திட்டுவார். "பச்சையப் பாத்து ஏமாறாதீங்க!"

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் முன்கூட்டியே வந்துவிட்டது. குறுவைக்கு ஊரே நாற்றுப் பறிக்கத் தயார். தொட்டியிலோ பயலுவ போதுமான அளவு பெருகாமல் நீர்த்துக் கிடந்தது. இசைவாணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. தழைச்சத்துக்காகச் சேர்க்கும் அம்மோனியம் உப்பில் இன்னொரு பங்கை அள்ளிப் போட்டுவிட்டார். மறுநாள் தொட்டி பாலாகத் திரண்டிருந்தது. ஸ்லைடைப் பார்க்கும்வரை அவருக்கும் சந்தோஷம்தான்.

வாசலில் வண்டி வந்து நிற்க, தலைவர் புகழேந்தி உள்ளே வந்தார். "என்னம்மா, ஏத்தலாமா?"

"நீங்களே பாருங்கண்ணே."

பார்த்தார். "எல்லாம் செவப்பா இருக்கு. கருப்பா ஒண்ணையும் காணுமே?"

"வயிறு காலிண்ணே. நாந்தான் உப்பக் கூடப் போட்டுட்டேன். தழைச்சத்து இல்லாத தீனியில ரெண்டு நாள் கெடக்கட்டும். இப்ப அனுப்புனா பட்டினியும் வெயிலும் தாங்காம செத்துரும்."

புகழேந்தி தலையைச் சொறிந்தார். வெளியே காலையிலிருந்து பையும் கையுமாக ஆட்கள். "இன்னிக்கு வெறுங்கையா போறவங்க நேரா யூரியா கடைக்குத்தான் போவாங்க. அப்புறம் இந்தப் பக்கம் யாரு வருவா? மிஷினு ரிப்பேருன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வெளிய வராத."

எவ்வளவு வசதியான பொய்! அந்த ஆட்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இசைவாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பொய் சொல்லி அனுப்பினால், இனி எந்த வாயால் அவர்களைத் திட்டுவது? புகழேந்தியை முந்திக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பாக்கெட்டு இன்னிக்கு இல்லீங்க. ரெண்டு நாள் பொறுக்கணும். தொட்டியில தழைச்சத்து கூடிப்போச்சு."

யூரியா போட்டதற்கு இசைவாணியிடம் வாங்கிய திட்டை இன்னும் மறக்காத ரெங்கம்மாள் முன்னால் வந்தார். "கூடிப்போச்சா? யாரு கொட்டுனது?"

எல்லோரும் புகழேந்தியைப் பார்த்தார்கள். இசைவாணி பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார்.