சரக்கு இல்லை என்று சொன்ன தேடல் பெட்டி

கடைத்தெருவில் அவளுக்கு 'வெப்சைட்டு அக்கா' என்று பெயர். கணவனே சில சமயம் அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான். பதினெட்டு வருடம் தட்டச்சு நிலையத்தில் ஊரார் கடிதங்களை அடித்துக் கொடுத்தவள், நாற்பது வயதில் புத்தகத்தைப் பார்த்தே வலைத்தளம் கட்டக் கற்றாள். இப்போது படுக்கையறை மூலையில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேசை போட்டுக்கொண்டு பதினோரு கடைகளின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறாள். கை நிறைய வேலை, நிம்மதியான தூக்கம். ஒரே ஒரு குறை. தன் வேலையில் பிழை என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

போன புதன்கிழமையும் வந்தது. பம்புக்கடை முதலாளி கூப்பிட்டு, "தேடினா சரக்கு இல்லைன்னு வருதாம்மா. ஆனா அலமாரி நிறைய இருக்கு" என்றார். நேரே கடைக்குப் போனாள். நாலு பேர் முன்னால் மடிக்கணினியைத் திறந்து 'வாஷர்' என்று அடித்தாள். வரிசையாக வந்து விழுந்தன. மடிக்கணினிக்கு என்ன, சொந்தக்காரி சொன்னால் கேட்கத்தான் செய்யும்.

"என்கிட்ட நல்லாத்தான் வருது. புகார் வந்தப்புறம் அவசரமா ஏத்தியிருப்பாங்க."

தளத்தில் சரக்குக் கணக்கை ஏற்றுபவர், கடைக் கவுண்டரில் நின்று விற்கும் அண்ணன். இருபது வருடமாக அங்கேயே இருப்பவர், முழங்கால் வலிக்காரர். திங்கள் முதல் கிடங்கில் பெட்டி இறக்கப் போகும்படி முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. உண்மையைத்தானே சொன்னோம் என்று தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்தாள். வீட்டில் பம்பு ஒழுகுகிறதாம்.

"அந்தக் கடையில வாஷர் கிடைக்குமா அண்ணி?"

"போன்லயே தேடிப் பாரேன்."

"இல்லைன்னு வருதே."

"ஒழுங்கா அடிச்சியா?"

"வாஷர்னு அடிக்க டியூஷனா போகணும்?"

கீறல் விழுந்த அந்தப் பழைய போனை வாங்கிப் பார்த்தாள். அதே தளம், அதே சொல். 'சரக்கு இல்லை.' போனோடு மேசைக்குப் போய்த் தன் நிரலைத் திறந்தாள்.

அதில் இருந்தது பழைய பிரவுசர். எழுத்து விழ விழ முடிவைக் காட்டட்டும் என்று போன மாதம் அவள் சேர்த்த ஒரு வரி அதற்குப் புரியவில்லை. தேடல் அங்கேயே படுத்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. முடிவு எதுவும் வராவிட்டால் 'சரக்கு இல்லை' என்று காட்டு என எழுதி வைத்ததும் அவளேதான். தேடவே முடியாதபோதும் பெட்டி அதையே சொல்லியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வரியை மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. இனித் தேடல் படுத்தால் 'தேடல் வேலை செய்யவில்லை, கடைக்குப் போன் செய்யுங்கள்' என்று தனியாக வரும்படியும் செய்தாள். நாத்தனார் போனில் வாஷர் வந்தது. இவள் உடனே கடைக்குக் கிளம்பினாள்.

"இதைப் போன்ல சொன்னா போதாதா அண்ணி? எதுக்கு இந்த வெயில்ல அலையணும்?"

"நாலு பேர் முன்னாடிதானே குறை சொன்னேன். அங்கேயே போய்த்தான் சொல்லணும்."

கடையில் நல்ல கூட்டம். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "தப்பு என்னுது சார். அண்ணன் ஒழுங்காத்தான் ஏத்தியிருக்கார். என் தேடல்தான் சில போன்ல பொய் சொல்லியிருக்கு."

முதலாளி, "சரி, கிடங்குக்கு வேற ஆள் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவளுக்கு மனம் லேசானது. கவுண்டர் அண்ணன் பக்கம் போனாள். "கோவமா அண்ணே?"

"கோவமில்லம்மா. மூணு நாளா காலையில சீக்கிரமே வந்து ஒவ்வொரு டப்பாவா எண்ணிட்டிருந்தேன். எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு."

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் போனில் 'வாஷர்' என்று மெதுவாக அடித்தார். இருப்பு இருபத்தாறு என்று வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அலமாரிக்குப் போனார். டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தாறுதான் இருந்தது.