ஏணியிலிருந்து விழுந்தவர்கள்

ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்து எஸ்டேட்டுகளில் மிளகு பறிக்க ஏணியில் ஏறுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் கீழே நின்று சிந்தியதைப் பொறுக்குவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தால், ஏணியிலிருந்து விழுந்து கை ஒடிந்தவர்கள், பல் போனவர்கள் எல்லாரும் பெண்கள்தான். அது எந்த ஏணி என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

கேட்கப் புறப்பட்டவள் அபிஷா. லைனில் பிறந்து வளர்ந்து, சேலத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். தோட்டத் தொழிலாளிப் பெண்களின் காயங்கள்தான் தலைப்பு. புறப்பட்டாளே தவிர ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கேள்விகளை எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். இன்னும் நாலு புத்தகம் படித்துவிட்டு ஆரம்பிக்கிறேன் என்று நெறியாளரிடம் சாக்குச் சொல்வாள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த நெறியாளர், இந்த மாதத்துக்குள் ஒருத்தரிடமாவது பேசிவிட்டு வராவிட்டால் பதிவு ரத்தாகிவிடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சோம்பேறி என்று அவளைச் சொன்னால் பாவம். அவளுக்குப் பயம். முதல் கேள்வி கேட்க வேண்டிய வீடே அவள் வீடுதான். அம்மா சாந்தாமேரி பலமுறை "ஏணியிலிருந்து விழுந்தவள்". அப்பா லாசர் நிதானத்தில் இருக்கும்போது மகள் படிப்பைப் பற்றி பஸ் ஸ்டாண்டு வரை பெருமை பேசுகிறவர். கேட்டால் வீடு இரண்டாகும். தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேட்டால் முகத்தில் காறித் துப்புவார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு. கோயிலுக்குப் போய்வந்து சாந்தாமேரி கறிக்குழம்பு வைத்தாள். குடித்துவிட்டு வந்த லாசர் ஒரு வாய் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்று தட்டை அவள் முகத்தில் வீசினார். முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அதுவும் போதாமல் அடுப்படியிலிருந்து விறகுக்கட்டையை உருவினார். இந்த மாதிரி நேரத்தில் காப்பிச் செடிகளுக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வது அபிஷாவின் வழக்கம். படித்த பெண் ஓடலாமா என்று கேட்பவர்கள் அடி விழும் வீட்டில் இருந்து பார்த்ததில்லை. அன்று அவள் ஓடவில்லை. போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"எதுக்குங்கப்பா அம்மாவை அடிக்கறீங்க? இதுல சொல்லுங்க."

"உன்ற படிப்பை எங்கிட்டயே காட்டறயா?"

போனுக்குக் குறிவைத்த அடி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. லாசர் கட்டையைப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையை நம்பித்தான் அந்த வீடு இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

பக்கத்து வீட்டு ஜீப்பில் அம்மாவும் மகளும் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எப்படி ஆனது என்று நர்ஸ் கேட்டார். முந்தானையால் புருவத்தை அமுக்கியிருந்த சாந்தாமேரி, பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டாள்.

"மிளகு பறிக்கறப்ப ஏணியில இருந்து விழுந்துட்டாளுங்க சிஸ்டர். புடிக்கப் போயி எனக்கும் நொம்ப அடிங்க."

"எங்கப்பா அடிச்சாருங்க," என்றாள் அபிஷா.

சொன்ன பிறகும் அவளுக்குப் பயம்தான். பயம் போனபிறகு ஆரம்பிக்கலாம் என்று ஒரு வருடம் இருந்தாயிற்று. அது போகிற வழியாக இல்லை. கண்ணாடி நொறுங்கிய போனை இடது கையில் எடுத்து ரெக்கார்டரை ஓடவிட்டாள். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய அம்மாவை அன்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா. நீங்க ஏணியில ஏறியிருக்கீங்களா?"

சாந்தாமேரி வாசற்கதவைப் பார்த்தாள். பிறகு வீங்கிக் கறுத்த மகளின் கையைப் பார்த்தாள். முந்தானையைப் புருவத்திலிருந்து எடுத்தாள்.

"சாந்தாமேரிங்க. ஏணியில ஒருநாளும் ஏறுனதில்லைங்க. கல்யாணமான நாள்ல இருந்து விழுந்துட்டு மட்டும் இருக்கறேனுங்க."