வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

பாண்டிக்கு வடக்கே கடலோரமாகச் சைக்கிளில் போக வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வழி ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழியில் போனது. அதுவும் ஊர் சுற்ற அல்ல, உத்தியோக நிமித்தம். கடலூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. விவசாயக் கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருந்தது. அது நடக்கிறதா என்று பார்த்து எழுதி வரச் சொன்னார்கள்.

காலை ஆறு மணிக்குக் கடலூரில் பஸ். பதினாலு மைல், அறுபது நயா பைசா. ஏழேகாலுக்குப் பாண்டி. ரொட்டியும் டீயும் முடித்து, வாடகை சைக்கிள் எடுத்துக் குருசுக்குப்பம் வழியாக மிதித்தேன். நான் பார்க்க வேண்டிய பிள்ளைச்சாவடிக்கு ஐந்து மைல்தான், ஆனால் எதிர்க்காற்றில் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கத்து எல்லையே ஒரு கூத்து. வரப்புக்கு இந்தப் புறம் சென்னை ராஜ்யம், அந்தப் புறம் பாண்டிச்சேரி. எங்கள் சட்டம் வரப்போடு நின்றுவிடும்.

சாலையிலிருந்து பார்த்தபோது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் இருபது பெண்கள் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைப் பூட்டிவிட்டுச் சவுக்குத் தோப்பைச் சுற்றிப் போவதற்குள் கொல்லை காலி. பிடுங்கிய செடிகளின் வேரில் ஈர மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. இருபது பேரும் வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தரிசில், எனக்கு முதுகைக் காட்டியபடி வரிசையாக நின்றார்கள். பேச்சு இல்லை, இருமல்கூட இல்லை. சொல்வதற்கென்ன, பயந்துவிட்டேன்.

நிலத்துக்காரரின் ஆள் குடையோடு வந்தார்.

"ஆளுங்களா? இன்னிக்கு யாரும் வேலைக்கு வரலிங்களே சார்."

"அப்ப அவங்க?"

"அது பாண்டி சார். அங்க நிக்கிறவங்கள நான் என்னா கேக்கறது?"

அப்போது ஒரு குழந்தை அழுதது. இந்தப் பக்கத்துப் பூவரச மரத்தில் பழம்புடவையால் கட்டிய ஏணைக்குள் கிடந்தது. வரிசையில் ஒரு முதுகு மட்டும் அசைந்தது, கால் நகரவில்லை. வரப்பைத் தாண்டி வந்தால், அவள் இந்தக் கொல்லையில் வேலை செய்கிறவள் என்று ஆகிவிடும். குழந்தை வீறிட ஆரம்பித்தது. நான் வரப்புவரை போனேன், குடைக்காரரும் கூடவே வந்தார்.

"உன் பிள்ளையாம்மா? என்ன கூலி தர்றாங்கன்னு சொல்லு. குறைஞ்சா வாங்கித் தரச் சட்டம் இருக்கு."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க சாயங்காலம் பஸ் ஏறிப் போயிடுவீங்க. நாளைக்கு எனக்கு வேற கொல்லை இல்லீங்க. யாரும் இல்லன்னு எழுதிக்கினு போயிடுங்க சாமி, புள்ள பசியில அழுவுது."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபதடி நடந்ததும் அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் செடிகள் மண்ணைவிட்டு வரும் சத்தம் முதுகுக்குப் பின்னால் சீராகக் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். கொல்லையில் யாரையாவது கூலி எவ்வளவு என்று கேட்பதானால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எனக்கு அந்தப் புத்தி அன்று இல்லை. அடுத்த வருஷம் அந்த ஊரை எங்கள் ஆபீஸ் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அங்கே கூலியாட்களே கிடையாதாம். அதற்கு ஆதாரமாக வைத்திருந்தது என் கையெழுத்து.