தோள்வலி என்றுதான் நினைத்தேன்

என் வீட்டுக்காரர் மாணிக்கவேல் பிடிவாதம் பிடித்த மனுஷன். ஆரணியில் இருபத்திரண்டு வருஷம் பட்டு நெய்தார். தான் தொடங்கின புடவையில் இன்னொருத்தர் கை படவே விட்டதில்லை. கை மாறினால் இழையை நெருக்கி அடிக்கிற அடி மாறும், பட்டில் குறுக்கே கோடு விழும் என்பார். குழம்பில் உப்பு போட மறந்தால்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். புடவையில் ஒரு இழை நகர்ந்தால் மட்டும் ஊரைக் கூட்டுவார்.

போன ஐப்பசி மழையில் அவருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். காலையில் கண் விழித்தால் ரத்தத்தில் பிளேட்லெட் எத்தனை என்பதுதான் எங்களுக்குப் பேச்சு. அது ஏறினதும், பிழைத்தார் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அனுப்பும்போது டாக்டரம்மா, "பத்து நாளைக்கு எந்த வேலையும் கூடாது. வயிறு வலிச்சா உடனே வந்துடுங்க" என்றார். நன்றாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தாண்டவில்லை, பாதியில் நின்ற கல்யாணப் புடவை அவரைப் பிடுங்கித் தின்றது. பக்கத்து வீட்டு பாலு வந்து, "அண்ணே, மீதி மூணு முழம்தானே, நான் போட்டுத் தரேன். நீ படுத்துகினு இரு" என்றான்.

"உன் அடி வேற, என் அடி வேற. போடா, உன் வேலையப் பாரு."

"இன்னாங்க இது, உடம்பு இருந்தாத்தானே தறி?" என்று நான் கத்தினேன். கேட்கிற ஜென்மமா அது? தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். நெய்த புடவை சுருளும் படமரம் வயிற்றை ஒட்டியே இருக்கும். உடம்பில் தெம்பில்லாததால் ஒவ்வொரு அடிக்கும் அதன்மேல் சாய்ந்து சாய்ந்து நெய்தார். சாயங்காலத்துக்குள் முடித்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்தும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில், "சுபா, இடது தோள் ஒரே பேஜாரா கீது" என்றார். நெசவுக்காரன் வீட்டில் தோள்வலியெல்லாம் ஒரு வலியா? எங்கள் தெருவில் அது இல்லாத ஆம்பளையே கிடையாது.

"வயிறு வலிக்குதா?" என்று கேட்கத்தான் கேட்டேன்.

"லேசா உப்பிகினு கீது, வாயுதான். தோள்தான் உயிர் போவுது."

நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மத்தியானம் மறுபடியும் தேய்த்தேன். "நல்லா அழுத்து" என்றார். சொன்ன பேச்சைக் கேட்காததற்குத் திட்டிக்கொண்டே அழுத்தினேன். அய்யோ, திட்டிக்கொண்டே!

நாலு மணிக்கு முகம் கழுவ எழுந்தவர் அப்படியே சரிந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பாலுதான் ஆம்புலன்ஸை வரவழைத்தான். வேலூர் போகிற வழியெல்லாம் அவர் கையைப் பிடித்திருந்தேன், அது சில்லிட்டுக்கொண்டே வந்தது. அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டெங்குவில் மண்ணீரல் வீங்கியிருந்ததாம், அது கிழிந்து வயிறு முழுக்க ரத்தமாம். எங்கேயோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகுமாம். மண்ணீரல் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

அப்புறம் ஒரு டாக்டர் கையில் நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உள்ளே ரத்தம் கசிஞ்சா சில பேருக்கு இடது தோள்லதாம்மா வலி தெரியும். அந்த மாதிரி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாருங்க. காலையிலேர்ந்து சொல்லிகினேதான் இருந்தாரு. நான் தேச்சி விட்டுகினு இருந்தேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.