தவம் அண்ணையின் வெள்ளை வான்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தவம் அண்ணையின் மனைவி மலர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை, அவர் போயிட்டார்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி: "ஆர் சொன்னது?"

கட்டின மனிசியிடம் கேட்கிற கேள்வியா அது? அக்கா கோபப்படவில்லை. "நான் பக்கத்திலைதான் இருந்தனான்" என்று மட்டும் சொன்னார். போரின் கடைசி மாதங்களில் தொற்றிய பழக்கம் இது. அப்போது வன்னியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், யார் சொன்னது என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகே அழுவோம். தவம் அண்ணையைப் பற்றி அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2009இல் பனி கரையும் நேரத்தில், கனடாவில் ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கிற்கு அந்த வான் வந்தது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. எட்டுச் சீற், டீசல் எஞ்சின், ஸ்டியரிங் வலப்பக்கம். பதினைந்து வயது தாண்டினால்தான் இப்படியான வாகனத்தைக் கனடா உள்ளே விடும். ஊரில் வான் ஓடியவர் அண்ணை. "கை பழகின பக்கம் இதுதான் பிள்ளை" என்றார். எல்லாம் சரி, ஆனால் நிறம் வெள்ளை. ஊரில் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்களைப் பிறகு ஒருவரும் காண்பதில்லை. ஒரு மனிதர் அதே வெள்ளை வானைத் தேடிப் பிடித்து ஸ்காபரோவுக்கு வரவழைத்தால் என் மூளை சும்மா இருக்குமா?

போரை நிறுத்தச் சொல்லி நடுநகரில் நாங்கள் பதாகை பிடித்து நின்ற நாட்களில் அந்த வானில்தான் எங்களை ஏற்றிப் போவார். அதன் இழுவைக் கதவு இடப்பக்கம் இருந்தது. ஜப்பானில் அது நடைபாதைப் பக்கம். இங்கே வாகனங்கள் பாய்கிற பக்கம். அதனால் அண்ணை முதலில் இறங்கிச் சுற்றி வந்து, கடைசி ஆள் இறங்கும்வரை நடுவீதியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

பின்வரிசையின் இடதுமூலை என் இடம். என் தம்பி வன்னிக்குள் இருந்தான். வாரக்கணக்கில் தகவல் இல்லை. யாருடைய பிள்ளை எங்கே நிற்கிறது என்று வழியெல்லாம் பேசுவோம். அண்ணை ஒரு சொல் பேசமாட்டார். வான் நின்றதும் முழு உடம்பையும் திருப்பி எங்கள் வாயையே பார்த்துக் கேட்பார்: "உங்கட சீற்றிலை என்ன சத்தம் கேக்குது?" நாங்கள் சொல்வதை ஒரு நீலக் கொப்பியில் எழுதுவார். ஒருநாள் அவர் டீசல் அடிக்க இறங்கியபோது, முன்சீற்றில் கிடந்த கொப்பியை எட்டிப் புரட்டினேன். திகதி, என் பெயர், நான் இருக்கும் இடம். அதற்கு மேல் வாசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அன்று மாலை உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டு பேரிடம் சொன்னேன். "உந்த மனிசன் எங்கட பேரெல்லாம் எழுதுது, ஆருக்குக் குடுக்கவோ. வானும் வெள்ளை. யோசிச்சுப் பாருங்கோ." அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று நாங்கள் எல்லோரும் அரண்டுதான் இருந்தோம். ஒரே வாரத்தில் கட்டடம் முழுவதும் பஸ்ஸுக்கு மாறிவிட்டது. அண்ணை கதவைத் திறந்து வைத்தபடி வாசலில் நிற்பார். "வாரும் பிள்ளை, இடம் கிடக்கு." நான், "இல்லை அண்ணை, என்னை ஏத்த ஒரு ஆள் வருது" என்று பொய் சொல்லிவிட்டு நடப்பேன்.

மே மாதம் ஊரில் போர் முடிந்தது, எல்லாம் முடிந்தது. அந்தக் கிழமையில்தான் அண்ணை நடுநகரிலிருந்து தனியாகத் திரும்பும்போது பின் இடது சில்லு இறுகி, வான் சீமெந்துச் சுவரில் மோதியது. அவருடைய கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மலர் அக்கா சொன்னார்: "அவருக்கு இடது காது சுத்தமாக் கேளாது. ஊரிலை செல் குண்டு விழுந்ததிலை போனது. சொன்னா ஆர் வானிலை ஏறுவினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஸ்டியரிங் வலப்பக்கம். எங்கள் பேச்செல்லாம் அவருடைய இடது காதில்தான் விழுந்திருக்கிறது; வலது காதை யன்னலோரத்து வீதி இரைச்சல் நிறைத்திருக்கும். ஒட்டுக்கேட்கிறார் என்று நான் நினைத்த மனிதருக்கு ஒரு சொல்கூடக் கேட்டிருக்கவில்லை.

கட்டில் அருகே நீலக் கொப்பி இருந்தது. இந்த முறை முழுவதும் வாசித்தேன். என் பெயருக்குப் பக்கத்தில், 'பின் இடது: கதவு கிறீச்.' 'பின் இடது: பள்ளத்தில் தட்டுது.' அந்த வானுக்குப் பாகங்கள் ஜப்பானிலிருந்துதான் வரவேண்டும். சத்தம் தொடங்கிய அன்றே தெரிந்தால்தான் பாகம் வரும்வரை சமாளிக்கலாம். அதற்காகவே அந்தக் கொப்பி. கடைசிப் பக்கங்களில் நாளுக்கொரு வரி, எல்லாம் ஒரே வரி: 'பின் இடது: ஆள் இல்லை.'

அண்ணை கண் திறந்தார். "அந்தச் சில்லின்ரை பேரிங் கிழமைக்கணக்காக் கத்தியிருக்குமாம் பிள்ளை. எனக்குக் கேக்கேல்லை. நீர் இருந்திருந்தாச் சொல்லியிருப்பீர்." குற்றம் சாட்டுகிற குரல் அல்ல அது. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தண்ணி கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

கால் தேறியது, சாய்ந்த நடை மட்டும் மிஞ்சியது. வானையும் திருத்தினார். தம்பி அகதி முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று உறுதியான நாளில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனார். வழக்கம்போலத் திரும்பிக் கேட்டார். "ஒண்டும் கேக்கேல்லை அண்ணை" என்றேன். "கேக்காட்டிலும் எழுதவேணும். சந்தேகப்படாதவன்ரை வாகனம் நடுறோட்டிலைதான் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

இப்போது அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது, அக்கா தந்தார். 'ஆள் இல்லை' என்ற பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு சின்னக் கிறீச்சையும் விடாமல் விசாரித்த மனிதர், தன்னைப் பற்றிய கதை எங்கே தொடங்கியது என்று கடைசிவரை என்னிடம் விசாரிக்கவில்லை. அந்தக் கதையை நம்பி வானைவிட்டு விலகியவர்களில் பலர் இதை வாசிக்கிறீர்கள். உங்கள் முன்னால் அவருக்குச் சொல்கிறேன்.

ஆர் சொன்னது?

நான்தான் அண்ணை.