மகளின் கையைப் பிடித்த மாலை

மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். லேக் கார்டன்ஸில் எங்கள் தெருமுனை இனிப்புக் கடையின் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். மகள் ரம்யா ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மழைநீர் தேங்கிய பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. ஓரமாக நடந்து போனவரின் வெள்ளை ஜிப்பா இடுப்பு வரை சேறாகிவிட்டது.

மாற்றலில் கொல்கத்தா வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாதது இந்த ஊர்த் தெருச்சண்டை. இருவர் தொண்டை கிழியக் கத்துவார்கள். டீக்கடையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். அப்புறம் குரல் தானாக இறங்கி, அவரவர் வழியே போய்விடுவார்கள். பெரும்பாலும் கை நீளாது. நான் வளர்ந்த சாத்தூரில் அப்படியில்லை. பதினைந்து வயதில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன்: ஜன்னல் வழியே துண்டு போட்டுப் பிடித்த இடத்துக்காக இருவர் சத்தம் போட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் பல் தரையில் கிடந்தது. குரல் உயர்ந்தால் நம் ஆளை நாம் பிடித்து நிறுத்திவிட வேண்டும், அதுதான் எங்களுக்கு மரியாதை. ‘எங்களுக்குச் சண்டை வேண்டாம்’ என்று அதற்கு அர்த்தம்.

ரம்யா இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைகளில் தற்காப்பு வகுப்புக்குப் போகிறாள். உள்ளங்கை தெரியக் கைகளை மார்புக்கு நேரே வைத்துக்கொள்வது, இரண்டடி தள்ளி நிற்பது, பேச்சை நிறுத்தாமலிருப்பது, விலகிப்போக வழி பார்த்து வைப்பது. இவ்வளவுதான் மூன்று மாதமாக.

“அடிக்கவே சொல்லித் தரலையாம்மா? இதுக்கா ஒரு வகுப்பு?” என்று கிண்டல் செய்தேன்.

“அடிக்காம வீடு வந்து சேரத்தான்ப்பா படிக்கிறேன்.”

அன்று ரம்யா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள், இருவரும் இறங்கினோம். ஜிப்பாக்காரர் பாய்ந்து வந்தார். “சோக் நேய்?” கண் இல்லையா என்கிறார்.

“ஸாரி தாதா. கண்ணெல்லாம் இருக்கு. பள்ளத்த நான் தோண்டல,” என்றாள் ரம்யா வங்காளத்தில். இங்கே தாதா என்றால் அண்ணன். டீக்கடையில் சிரித்தார்கள். அவர் குரல் இன்னும் ஏறியது. அவள் இரண்டடி பின்வாங்கினாள். இரு கைகளும் மார்புக்கு நேரே எழுந்தன.

என் கண்ணுக்கு அவள் கையை ஓங்குவதாகத்தான் தெரிந்தது. பின்னாலிருந்து அவள் மணிக்கட்டுகள் இரண்டையும் இறுகப் பிடித்தேன். “அப்பா, விடுங்க!” என்றாள். விடவில்லை. ஒருத்தியைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றால் அவள் அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தாராம் அந்த மனிதர், பிறகு சொன்னார். அவர் தள்ளிய வேகத்தில், தடுக்கக் கையில்லாமல், ரம்யாவின் நெற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மோதியது.

இரண்டு தையல். அவள் இப்போது கல்லூரிக்குப் போய் வருகிறாள். ஊரிலிருந்து போன் செய்பவர்கள் “அந்த ஊரே அப்படியாமே?” என்கிறார்கள். ஊரைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

அன்று அங்கே கூட்டம் கூடியது. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்ற ஜிப்பாக்காரரைச் சிலர் சூழ்ந்தார்கள். மற்றவர்கள் என்னைச் சூழ்ந்தார்கள். ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். “எங்க தெருப் பொண்ணு அது! அவளை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கே? யார் நீ?” எல்லாம் வங்காளத்தில், எல்லாம் எனக்குப் புரிந்தது. அலுவலகமும் வீடுமாகவே இருந்த என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. “என் பொண்ணு, என் பொண்ணு” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ரம்யா விடுபட்ட ஒரு கையால் துப்பட்டாவை நெற்றியில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

அப்போது காய்கறிப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எங்கள் கீழ்வீட்டு அம்மா வந்தார். முதலில் ரம்யாவைப் பார்த்தார், பிறகு என்னை.

“ஆரே, இவர் நம்ம ரம்யாவோட அப்பா!” என்று அவர்களிடம் சொன்னார். காலரிலிருந்த கை இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னார்:

“தாதா, அவ கைய இப்பவாவது விடுங்க.”